கல்லறை மெழுகு

மெழுகு உருகும்போது ஓரம்தான் முதலில் இளகுகிறது, நடுவில் ஒரு கட்டி மட்டும் கடைசிவரை வெள்ளையாக நிற்கிறது. இமெல்டா அதைக் குச்சியால் அழுத்தினாள். அழுத்தினால் உள்ளே போனது, விட்டதும் மேலே வந்தது. அடுப்பில் குழம்புச் சட்டி, சட்டியில் கொதிக்கிற தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு பழைய பால்பவுடர் டப்பா, டப்பாவுக்குள் அந்தக் கட்டி. நேராக நெருப்பில் வைத்தால் மெழுகு குப்பென்று பற்றிக்கொள்ளும், எப்போதும் தண்ணீருக்குள் வைத்துத்தான் உருக்க வேண்டும் என்று வீடியோவில் ஒரு தாடிக்காரர் சொல்லியிருந்தார். அவருக்குப் பின்னால் பனிமலை தெரிந்தது. அவருக்கு எல்லாமே சுலபமாக இருந்தது. முட்டை அட்டையின் குழிகளில் மரத்தூளை நிரப்பு, மெழுகை ஊற்று, ஆறவிடு, ஒவ்வொரு குழியாகப் பிய்த்தெடு, மழையில் நனைந்த விறகைக்கூட இது பற்ற வைத்துவிடும். மரத்தூள் கட்டில் கடையில் கேட்டதும் பை நிறைய அள்ளிக் கொடுத்தார்கள். முட்டை அட்டை வீட்டிலேயே இருந்தது. மெழுகுக்கு என்ன செய்வது என்பதற்கும் அவர் வழி சொன்னார், வீட்டில் எரிந்து மிச்சமாகும் திரித்துண்டுகளைத் தூக்கிப் போடாமல் வையுங்கள் என்று. உங்கள் வீட்டில் என்றுதான் சொன்னார். அதை நினைத்ததும் இமெல்டாவுக்குக் காது மடல்கள் சுட்டன. அடுப்பின் வெக்கையாகவும் இருக்கலாம். ஒரு கையால் காதைத் தொட்டுப் பார்த்தாள். காது சில்லென்றுதான் இருந்தது, சூடு உள்ளே எங்கோ இருந்தது. ஜன்னலுக்கு வெளியே திண்டுக்கல்லின் நவம்பர் வானம் பெய்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. முன்னறையில் அம்மா நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. தெருவில் உள்ள வீடுகளெல்லாம் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லும் அன்பியக் கூட்டம் இன்று மாலை இவர்கள் வீட்டில். எல்லோரும் வருவார்கள். ஜெசிந்தாக்காவும் வருவாள்.

வரமாட்டாள் என்று இமெல்டா மறுபடி நினைத்துப் பார்த்தாள். புருஷன் போய் மூன்று மாதம்தான் ஆகிறது, மனசு சரியில்லை என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆனால் அம்மா நேற்றே போய் அழைத்துவிட்டு வந்திருக்கிறாள், ஜெசிந்தா தலையாட்டினாளாம், பாவம், அந்தப் பிள்ளை கொஞ்சம் வெளியில் வரட்டும் என்றாளாம் பக்கத்து வீட்டம்மா. கொஞ்சம் வெளியில் வரட்டும். வெளியில் வந்து முதலில் இந்த வீட்டுக்கு வரட்டும், வந்து இந்த மெழுகு வாசனையை மோந்து பார்க்கட்டும். இமெல்டா புகைபோக்கி விசிறியைப் போட்டாள். அது கடகடவென்று சத்தம் போட்டதே தவிர வாசனையை எங்கும் கொண்டுபோகவில்லை. மெழுகுக்கு வாசனை கிடையாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இருக்கிறது. கோயில் வாசனை. சாம்பிராணி இல்லாத, பாட்டு இல்லாத, எல்லோரும் போன பிறகு இருக்கும் கோயிலின் வாசனை. இதெல்லாம் எதற்கு ஆரம்பித்தது என்று கேட்டால் சொல்லவே கூச்சமாக இருக்கும். சென்னையில் அவளோடு வேலை பார்க்கும் பெண்கள் சேர்ந்து மலைக்குப் போவார்கள், கூடாரம் போட்டுத் தங்குவார்கள். போன தடவை இமெல்டாவும் போனாள். போய் என்ன செய்தாள்? எல்லோருடைய பைகளுக்கும் காவல் இருந்தாள், எல்லோரையும் படம் எடுத்தாள், எந்தப் படத்திலும் அவள் இல்லை. சாயங்காலம் மழை பிடித்தது, விறகு பற்றவில்லை, தீப்பெட்டி காலியானது, ஈரக் காலுறையோடு வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தார்கள். குளிரில் பக்கத்தில் படுத்திருந்த ஷர்மிளாவின் பற்கள் தந்தியடித்தது இமெல்டாவுக்கு விடியும்வரை கேட்டது. இந்தத் தடவை மலை திண்டுக்கல் பக்கம்தான், ஒரு காப்பித் தோட்டத்துக்குள் இடம் பேசியிருக்கிறார்கள், சனிக்கிழமை வேனில் வந்து அவளை இங்கேயே ஏற்றிக்கொள்வார்கள். யார் யார் என்ன கொண்டுவருவது என்று குழுவில் பேச்சு ஓடியபோது, ஒருநாளும் எதுவும் எழுதாத இமெல்டா, தீ என் பொறுப்பு, எதையும் வாங்காமல் வீட்டில் வீணாகிறதை வைத்தே ஃபயர் ஸ்டார்ட்டர் செய்து கொண்டுவருகிறேன் என்று எழுதிவிட்டாள். எழுதிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். திருப்பிப் பார்த்தபோது வரிசையாகக் கைத்தட்டல்கள். இமெல்டாவா இது, நம்ம இமெல்டாவா என்று ஷர்மிளா எழுதியிருந்தாள். எதையும் வாங்காமல் என்ற அந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் எழுதாமல் இருந்திருந்தால். கடையில் ஒரு பாக்கெட் மெழுகுதிரி வாங்கி உருக்கியிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது. அதுவும் பொய்தான், ஆனால் சின்னப் பொய். ஒரு சின்னப் பொய் சொல்லக் கூச்சப்பட்டு அவள் கல்லறைக்குப் போனாள்.

"ஏண்டி, அங்கன என்னதான் பண்ற? வீடு பூராம் மெழுகு நாத்தம்." அம்மா அடுப்படி வாசற்படியில் நின்றாள், கையில் துடைக்கிற துணி.

"ஃபயர் ஸ்டார்ட்டர்ம்மா. மலைக்கு."

"தீப்பெட்டி கண்டுபிடிச்சு எம்புட்டுக் காலமாச்சு. இவ இப்பத்தான் தீயக் கண்டுபிடிக்கிறா." அம்மா டப்பாவை எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு மெழுகு ஏது?"

"சென்னையிலேருந்து கொண்டாந்தது."

"மெழுகக் கூடவா அங்கிருந்து தூக்கிட்டு வருவாக? என் குழம்புச் சட்டிய நாசமாக்கிராத. ஆறு மணிக்கு ஆளுக வந்துரும், அதுக்குள்ள அடுப்படிய ஒதுங்க வையி. டீ போடணும்."

அம்மா போய்விட்டாள். அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். சென்னையிலிருந்து. நாக்கு யோசிக்கவே இல்லை. இமெல்டா குச்சியால் கட்டியை மறுபடி அழுத்தினாள், இப்போது அது சிறுத்து ஒரு பல்லைப் போல மிதந்தது. பல் என்று ஏன் தோன்ற வேண்டும். தோன்றக்கூடாது என்று நினைப்பதற்குள் தோன்றிவிட்டது, இனி அதைப் பல்லாகத்தான் பார்க்க முடியும். கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பினாள். காலையில் பேருந்திலிருந்து இறங்கி வந்ததும் அம்மா சொன்னாள், நேத்து கல்லறைத் திருநாளுக்கு ஊரே போச்சு, நீ ஒருத்திதான் வரல, இப்பவாச்சும் போயி அப்பாவுக்கு ஒரு திரி ஏத்திட்டு வா. அப்பா இறந்து வெகுகாலமாகிவிட்டது, அங்கே போனால் அழுகை வராது, வராததில் ஒரு சங்கடம் மட்டும் வரும். போகிறேன் என்றாள். போகும்போது சமையலறைக்குள் வந்து ஒரு துணிப்பையும் பெரிய கரண்டியும் எடுத்துக்கொண்டாள். இந்த இடத்தில்தான் நினைப்பு ஒவ்வொரு தடவையும் தடுக்கி விழுகிறது. கரண்டி. அங்கே போன பிறகு மனசு மாறியது, எங்கும் மெழுகு சிந்திக் கிடந்ததைப் பார்த்து வீணாகிறதே என்று பட்டது, அதனால் எடுத்தேன் என்று சொல்லலாம் என்றால் கரண்டி குறுக்கே வந்து நிற்கிறது. எதுக்குடி கரண்டி என்று அம்மாகூடக் கேட்டாள். அப்பா கல்லுல பாசி புடிச்சிருக்கும், சொரண்ட என்றாள் இவள். அப்பா கல்லை அவள் சுரண்டவே இல்லை. ஒரு திரியை ஏற்றி வைத்துவிட்டு, ஒரு பரலோக மந்திரத்தைப் பாதியில் எங்கேயோ தொலைத்துவிட்டு, பையை விரித்துக்கொண்டு அடுத்த கல்லறைக்கு நகர்ந்துவிட்டாள்.

நேற்றைய கூட்டத்தின் மிச்சமெல்லாம் அப்படியே கிடந்தது. வாடாத செவ்வந்தி, மாலைகளின் நார், ஊதுபத்திச் சாம்பல், சிமெண்டு மேடைகளில் வழிந்து உறைந்த மெழுகு. சின்ன வயதில் திருநாளுக்கு மறுநாள் பிள்ளைகள் எல்லோரும் மெழுகு சுரண்டி உருண்டை பிடித்து விளையாடுவார்கள், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அதனால் இது தப்பில்லை என்று அவளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே வந்தது. பிள்ளைகள் செய்தால் விளையாட்டு, வேலைக்குப் போகிற பெண் குனிந்து குனிந்து கரண்டியால் சுரண்டினால் அதற்கு என்ன பெயர் என்று அந்தக் குரல் சொல்லவில்லை. சுரண்டி எடுத்ததில் பாதி மண், பாதி சாம்பல், கறுப்பும் சிவப்புமாக. அந்தத் தாடிக்காரரின் மெழுகு வெள்ளையாக இருந்தது. அப்போதுதான் கடைசி வரிசையில் மரச்சிலுவை நட்ட புது மண்மேடு தெரிந்தது, மேட்டின் மேல் ஒரு தடித்த வெள்ளைத் திரி. அலோசியஸின் மேடு. மைக்செட் அலோசியஸ் என்றால்தான் தெருவில் தெரியும், திருவிழாவுக்கெல்லாம் அவர் கட்டிய குழாயில்தான் பாட்டு வரும், மஞ்சள் காமாலையில் போய்விட்டார். ஜெசிந்தாக்கா ஊரோடு சேர்ந்து வராமல் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு இன்று காலையில் தனியாக வந்திருக்கிறாள். இமெல்டா உள்ளே நுழையும்போது அவள் முக்காடு போட்டுக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தாள், இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள். ஆக, திரி யாருடையது என்று இமெல்டாவுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல வழியே இல்லை. ஆனால் அது அணைந்துதான் இருந்தது. காற்றில் அணைந்திருந்தது, அணைந்த திரிதானே, இனி யாருக்கு. இப்படித்தான் கல்லறைக் கதவிலிருந்து வீடு வரும்வரை அவள் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து குளித்தபோதும் அணைந்துதான் இருந்தது. சாப்பிடும்போது, திரிநுனியில் ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் இருந்திருக்கலாம் என்று பட்டது. மெழுகைத் துண்டு போட்டபோது அந்தப் பொட்டிலிருந்து கொஞ்சம் புகை வந்தது ஞாபகத்துக்கு வந்தது. புகை இருந்தால் அப்போதுதான் அணைந்திருக்கிறது. அப்போதுதான் என்றால். இமெல்டா வலதுகைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் நுனியில் தோல் கொஞ்சம் கடினமாக, வழவழப்பாக இருந்தது. சுட்ட தோல் அப்படித்தான் இருக்கும். எரிந்துகொண்டுதான் இருந்தது. காற்றில் ஆடிக்கூட இல்லை, நேராக, நல்ல உயரமாக எரிந்துகொண்டிருந்தது. எச்சில்கூடத் தொட்டுக்கொள்ளாமல் அவள் அதைக் கிள்ளி அணைத்தாள். பிறகு மண்ணில் வழிந்திருந்த மெழுகையும் விடாமல், ஒரு சொட்டு இல்லாமல் கரண்டியால் வழித்தாள், அந்த இடம் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறோம் என்று அந்த நேரத்தில் ஒரு சின்னத் திருப்தி. அதுதான் எல்லாவற்றிலும் மோசம். அந்தத் திருப்தி.

கட்டி கரைந்துவிட்டது. டப்பாவில் இப்போது தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது மெழுகு, அடியில் கொஞ்சம் மண். திருப்பிக் கொடுப்பதற்கு இனி எதுவும் இல்லை. ஒருவேளை இதற்குத்தான் அதை முதலில் உருக்கினாளோ, மற்ற அழுக்குத் துண்டுகளை எல்லாம் தள்ளிவிட்டு அதை முதலில். முந்தானையைத் துணியாக்கி டப்பாவைப் பிடித்துக்கொண்டு குழி குழியாக ஊற்றினாள். மரத்தூள் மெழுகைச் சத்தமில்லாமல் குடித்தது. மேலே வந்து பளபளத்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து வெண்மை படர்ந்தது. அழகாக இருந்தது. ஒன்றை ஆறியும் ஆறாமலும் பிய்த்துக் கொல்லைப்புறம் கொண்டுபோனாள். தூறல் தொடங்கியிருந்தது. துவைக்கிற கல்லில் ஈரத்தின் மேலேயே வைத்து, அட்டையின் காதில் தீக்குச்சியைக் காட்டினாள். பிடித்துக்கொண்டது. தூறல் அதன் மேல் விழுந்து விழுந்து சீறியது, தீ அசையவில்லை, உள்ளங்கை உயரத்துக்கு, ஆரஞ்சு நிறத்தில், ஒரு கறுப்புப் புகையோடு. ஈரக் குச்சிகளைக் குறுக்கே வைத்தாள், அவையும் முனகி முனகிப் பற்றின. ஷர்மிளா பார்த்தால் என்ன சொல்வாள். நம்ம இமெல்டாவா. மழையில் கூடாரத்துக்கு வெளியே எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கையை நீட்டிக் குளிர் காய்வார்கள், ஈரக் காலுறைகளைக் குச்சியில் மாட்டிக் காய வைப்பார்கள், யாராவது ஒருத்தி அவளைப் படம் எடுப்பாள். நினைத்ததும் மார்பு விரிந்தது, விரிந்த உடனேயே சுருங்கியது, ஏனென்றால் எரிவது எது என்று அவளுக்குத் தெரியும். ஒரு பெண் தன் புருஷனுக்காக ஏற்றியது அது, எரிந்து முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் இங்கே துவைக்கிற கல்லில், சோதனைக்காக எரிகிறது. தண்ணீர் ஊற்றி அணைக்கப் போனாள். கை குவளையோடு அப்படியே நின்றது. இன்னொரு தடவை அணைக்க முடியவில்லை. தானாக எரிந்து அடங்கும்வரை தூறலில் நனைந்துகொண்டு நின்றாள். சரி, சொல்லிவிடுவோம் என்று அப்போதுதான் நினைத்தாள். கோயிலில் பாவ அறிக்கை செய்யும்போது சாமியாரிடம் சொல்லலாம். கல்லறையில் திருடினேன் சாமி. என்ன மகளே திருடினாய்? மெழுகுதிரி. எதற்கு? காட்டில் தீ மூட்ட. திரைக்கு அந்தப் பக்கம் சாமியார் சிரிப்பை அடக்குவார், மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார், முடிந்துவிடும். முடியக்கூடாதது முடிந்துவிடும். சொன்னால் ஜெசிந்தாக்காவிடம்தான் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு வந்ததும் தனியாகக் கூப்பிட்டு, அக்கா, காலையில நீங்க வச்ச திரிய நான் எடுத்துட்டேன். எடுத்துட்டேன் என்பதா, அணைச்சு எடுத்துட்டேன் என்பதா? அணைச்சு என்பதை விட்டுவிட்டால் அது பாதி உண்மை. விடாமல் சொன்னால் அவள் முகம் எப்படி ஆகும் என்று இமெல்டாவால் கற்பனை செய்ய முடிந்தது. அதுதான் அவளுடைய தொல்லை, பேசத் தெரியாதே தவிர முகங்கள் எப்படி மாறும் என்பது பேசுவதற்கு முன்பே தெரிந்துவிடும். அக்கா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். இப்படித் தொடங்கலாம். அக்கா, நான். ஈரக் கூந்தலிலிருந்து கழுத்துக்குள் ஒரு சொட்டு இறங்கியது. உள்ளே அம்மா யாரையோ வாம்மா, வா என்று வரவேற்பது கேட்டது.

ஜெசிந்தாக்கா எல்லோருக்கும் முன்பே வந்துவிட்டிருந்தாள், கையில் சுருட்டிய ஜமுக்காளம். வெளிர்நீலச் சேலை, வெறும் கழுத்து. நாற்காலி பத்தாதென்று அம்மா கேட்டிருந்தாளாம். அதை முன்னறையில் விரித்துவிட்டு நேராக அடுப்படிக்கே வந்தாள். இமெல்டாவுக்கு அட்டையை மறைக்க நேரமில்லை, மறைத்து என்ன ஆகப்போகிறது என்றும் இருந்தது.

"நல்லாருக்கியா இமெல்டா? என்ன இது, பணியாரமா?"

"இல்லக்கா. தீ மூட்டுறதுக்கு. மெழுகும் மரத்தூளும்."

ஜெசிந்தா ஒரு குழியை விரலால் தொட்டாள். "சூடா இருக்கே இன்னும்." விரலை எடுக்கவில்லை. "நனைஞ்ச விறகுகூடப் பத்துமா?"

"பத்தும்க்கா."

"அவரு இருந்திருந்தா உன்னைய விட்டுருக்க மாட்டாரு. இது எதுக்கு, அது எதுக்குன்னு நோண்டி நோண்டிக் கேப்பாரு." ஜெசிந்தாவின் முகத்தில் ஏதோ ஒன்று லேசாக இருந்தது. காலையில் கல்லறை வாசலில் பார்த்த முகம் இல்லை இது. தூங்கி எழுந்த முகம் மாதிரி இருந்தது.

"அக்கா, நான் உங்ககிட்ட ஒண்ணு..."

"நானும் உன்கிட்ட ஒண்ணு சொல்லத்தான் வெரசா வந்தேன். யார்கிட்டயும் சொல்லல இன்னும்." அவள் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டாள், குரலைத் தாழ்த்தினாள். "கடைசியில அவரு என்கூடப் பேசல, தெரியுமா? ஆஸ்பத்திரியில. இங்கிலீஷ் மருந்து வேணாம், நாட்டு மருந்து போதும்னு நாந்தான் ரெண்டு வாரத்த வீணாக்கிட்டேன். அவருக்கு அது தெரிஞ்சுபோச்சு. நான் ஊட்டுன கஞ்சிய வாங்கல. நர்ஸ் குடுத்தா குடிப்பாரு, நான் குடுத்தா மூஞ்சியத் திருப்பிக்குவாரு. அப்படியே போயிட்டாரு. மூணு மாசமா அந்தத் திருப்புன மூஞ்சிதான் எனக்கு. கண்ண மூடுனா அதுதான்."

விசிறி கடகடத்தது.

"காலைல ஒரு திரி வச்சிட்டு வந்தேன்ல, நீகூடப் பார்த்தியே. மனசு கேக்கல, மத்தியானம் திரும்பப் போனேன். காத்துல அணைஞ்சிருக்கும்னுதான் நெனச்சேன். ஒரு சொட்டு மெழுகு இல்ல இமெல்டா. எல்லாக் கல்லறையிலயும் வழிஞ்சு கெடக்கு, அவருது மட்டும் தொடச்ச மாதிரி இருக்கு. திரிகூட மிச்சமில்ல. முழுசும் வாங்கிக்கிட்டாரு." ஜெசிந்தா சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு. "பைத்தியம்னு நெனைக்காத. வாங்கிக்கிட்டாருன்னுதான் எனக்குத் தோணுது. வீட்டுக்கு வந்து மத்தியானம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். ருசி தெரிஞ்சுது."

சொல்ல வேண்டிய வாக்கியம் இமெல்டாவிடம் இருந்தது. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் முடியாது. சொன்னால், ருசி தெரிஞ்சுது என்று இப்போது சொன்ன அந்த வாய் என்ன ஆகும். யாருக்காகச் சொல்லப்போகிறாள், அவளுக்காகவா, தன் காது மடலின் சூடு தணிவதற்காகவா? சொல்லாமல் இருப்பதுதான் இரக்கம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அது அவளுக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதும் தெரிந்தது. வசதியான இரக்கம். காலையில் வீணாகிறதே என்று சொன்ன அதே குரல்தான் இப்போது இரக்கம் என்கிறது.

"அக்கா," என்றாள்.

"எனக்கு ஒரு உதவி பண்ணு. ஜெபத்துல நன்றி சொல்ற நேரம் வரும்ல, அப்ப எனக்காக நீ சொல்லிரு. நான் வாயத் தொறந்தா அழுதுருவேன். நீ படிச்ச புள்ள, கோர்வையாச் சொல்லுவ."

"யாரு, இவளா?" அம்மா டீத்தூள் டப்பாவுக்காக உள்ளே வந்தாள். "இவ வாயத் தொறந்தா கொசு உள்ள போயிரும்னு மூடியே வச்சிருக்கவ. நல்ல ஆளப் புடிச்ச ஜெசிந்தா."

"எனக்காகச் சொல்லுவா," என்றாள் ஜெசிந்தா. இமெல்டாவின் கையைப் பிடித்து அழுத்தினாள், சுட்ட விரல் நுனி உள்ளே சிக்கிக்கொண்டது.

ஜெபமாலை தொடங்கியபோது மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. முன்னறை நிறைந்திருந்தது, வாசல்வரை செருப்புகள். இமெல்டா சுவரோரம் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு பேர் தள்ளி ஜெசிந்தா. மணிகள் விரலில் நகர்ந்தன, வாய் அருள்நிறை மரியே என்றது, உள்ளே வேறு ஒன்று ஓடியது. பேர் கூப்பிட்டால் இருமல் வருவது போல எழுந்து போய்விடலாமா, கொல்லைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாமா, ஜெசிந்தாக்காவே மனசு மாறித் தானே சொல்லிவிடுவாளா, அல்லது எழுந்து நின்று எல்லோர் முன்பும் உண்மையைச் சொல்லிவிட்டால்? அந்தக் காட்சியில் எல்லோருடைய முகங்களும் திரும்பின, அம்மாவின் முகமும். முடியாது. ஐந்து காரணிக்கமும் சொல்லி ஜெபமாலை முடிந்தது, பைபிள் வாசகம் முடிந்தது, பெரியவர் சூசையப்பன் கண்ணாடியை மடித்துக்கொண்டே, இப்ப நன்றி சொல்றவங்க சொல்லலாம் என்றார். ஒருவர் மகனுக்கு வேலை கிடைத்ததற்குச் சொன்னார். ஆண்டவரே, உமக்கு நன்றி என்றது அறை. ஒரு அம்மா முழங்கால் வலி குறைந்ததற்குச் சொன்னாள். ஆண்டவரே, உமக்கு நன்றி. பிறகு மழைச் சத்தம். ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டு கண்ணை மூடியிருந்தாள், காத்திருந்தாள். இமெல்டா வாயைத் திறந்தாள்.

குரல் வந்தது. அவளுக்கே ஆச்சரியமாக, உடையாமல், அவசரப்படாமல் வந்தது. "எங்கள் சகோதரி ஜெசிந்தா சார்பாக நன்றி சொல்கிறேன்," என்றாள். "துக்கத்தில் இருந்த அவர்களுக்கு இன்று கொடுத்த ஆறுதலுக்காக. தன் கணவரின் கல்லறையில், அவருடைய காலடியில் அவர்கள் ஏற்றி வைத்த திரி முழுவதுமாக எரிந்து, அவர்களுடைய அன்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று அவர்கள் உணரும்படி செய்ததற்காக." நன்றாகத்தான் சொன்னாள். யாரோ உச்சுக்கொட்டினார்கள், அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஆண்டவரே, உமக்கு நன்றி என்று அறை முழுவதும் ஒரே குரலாகச் சொன்னது. அந்தக் குரல்களின் நடுவில்தான் இமெல்டாவுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. காலடியில். எல்லோரும் தலைமாட்டில், சிலுவையின் அடியில்தான் திரி ஏற்றுவார்கள். ஜெசிந்தா மட்டும், யாரும் இல்லாத நேரத்தில் வந்து, கால்மாட்டில் ஏற்றியிருந்தாள். அடுப்படியில் அவள் அதைச் சொல்லவே இல்லை. திரி என்றாள், மெழுகு என்றாள், எங்கே என்று சொல்லவில்லை. அது எரிந்துகொண்டிருந்தபோது பார்த்தவளுக்குத்தான் அது தெரியும்.

ஜெசிந்தா தலையை நிமிர்த்தியிருந்தாள். கண் திறந்திருந்தது. இமெல்டாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு மெல்ல, அவசரமில்லாமல், திறந்திருந்த அடுப்படிக் கதவு வழியாக உள்ளே பார்த்தாள், பிறகு மறுபடி இமெல்டாவை. கண்ணைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று இமெல்டாவின் உடம்பு முழுவதும் கெஞ்சியது. அவள் தாழ்த்திக்கொள்ளவில்லை, அந்த ஒன்றையாவது செய்ய முடிந்தது. அடுத்து நன்றி சொல்ல இருந்தவர் தொண்டையைச் செருமினார். ஆனால் அவர் தொடங்குவதற்குள், எல்லோரும் பதில் சொல்லி அடங்கிய பிறகு, ஒற்றையாக, தாமதமாக, ஒவ்வொரு சொல்லையும் கீழே வைத்து வைத்து எடுப்பது போல ஜெசிந்தாவின் குரல் வந்தது. ஆண்டவரே, உமக்கு நன்றி என்றது. பார்வையை இமெல்டாவின் மேலிருந்து எடுக்காமலேயே சொன்னாள்.